வளவு வீட்டில் ஒரு பிரிண்டர், பல கம்ப்யூட்டர்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு வீட்டில் கலியாணம் என்றால் நான்கு நாள் முன்னாலேயே சனம் வந்து நிறைந்துவிடும். சென்னையிலிருந்து வந்தவர் கையில் விண்டோஸ் லேப்டாப், சிங்கப்பூரிலிருந்து வந்தவர் கையில் மேக்புக், காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் உபுண்டு, மற்றவர்களிடம் ஆண்ட்ராய்டு அல்லது ஐபோன். சாமான் பட்டியல், சமையல்காரருக்கு லிஸ்ட், ரயில் டிக்கெட், ஆதார் நகல் என்று அச்சுக்கு வந்துகொண்டே இருக்கும். பிரிண்டர் ஒன்றுதான். எல்லோரும் பிடிஎஃப்பை ஒருவருக்கு வாட்ஸப்பில் அனுப்ப, அவர் பிரிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இதற்கு அவசியமே இல்லை. பிரிண்டரை யாருடைய கம்ப்யூட்டருக்கும் வாலாகக் கட்டாமல், வீட்டு நெட்வொர்க்கில் தனக்கென்று மாறாத முகவரியோடு நிற்கவைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டால் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பிரிண்டர் இல்லை, நெட்வொர்க்.

எந்த பிரிண்டர்

வைஃபை உள்ளது என்றால் மட்டும் போதாது. பெட்டியிலோ கம்பெனியின் இணையதளத்திலோ ஏர்பிரிண்ட், மோப்ரியா, ஐபிபி எவ்ரிவேர் என்ற பெயர்களில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பிரிண்டை ஆப்பிள் 2010-இல் கொண்டுவந்தது. மோப்ரியா கூட்டமைப்பு 2013-இல் தொடங்கியது. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஐபிபி என்ற ஒரே நெறிமுறைதான், போர்ட் எண் (கருவிக்குள் நுழையும் கதவு எண் மாதிரி) 631. எந்தத் தாள் ஏற்கும், இருபுறமும் அடிக்குமா, கலர் உண்டா என்பதை பிரிண்டரே கேட்பவரிடம் சொல்லிவிடும். அதனால் டிரைவர் சிடி தேடும் வேலை இல்லை. மைக்ரோசாஃப்டும் 2023 செப்டம்பரில், பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. இனி புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வசதி இல்லாத பிரிண்டரை வாங்கவே வேண்டாம்.

லேசரா, இங்க் டேங்கா? வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு கருப்பு வெள்ளை லேசர்தான் சரி. டோனர் பொடி, அது காயாது. இங்க் டேங்கில் மை, அதைத் தாளில் தெளிக்கும் ஹெட்டிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்கிறேன் என்று ஓட்டினால் மை முழுக்க வேஸ்ட் பேடுக்குப் போகும். ஏற்கெனவே இங்க் டேங்க் இருந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வாரம் ஒரு கலர் பக்கம் அடிக்க வையுங்கள். இன்னொன்று: அதைச் சுவர் சுவிட்சில் அணைக்கக் கூடாது. பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடியின் கீழ் உட்காரும். சுவிட்சை நேராகத் தட்டினால் நடுவில் திறந்தபடி நின்று காயும்.

அமெரிக்காவிலிருந்து யாராவது பிரிண்டர் கொண்டுவந்து கொடுத்தால், பின்பக்கம் ஒட்டியிருக்கும் வோல்டேஜ் எண்ணைப் படிக்காமல் சொருகாதீர்கள். அங்கே விற்கும் லேசர்கள் பெரும்பாலும் 110-127 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் 230 வோல்ட்டில் பவர் போர்டு போய்விடும்.

சுவரும் சிக்னலும்

செட்டிநாட்டு வீட்டில் வைஃபைக்கு முதல் எதிரி சுவர். அடிக்கணக்கில் தடித்த செங்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை இதில் ஒரு சுவரைத் தாண்டுவதே பெரிய விஷயம். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனால் மூன்றாவது சுவரில் அதுவும் ஓய்ந்துவிடும். இரும்பு பீரோவும், ரசம் பூசிய பெரிய நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பி அடிக்கும். ரூட்டரை இவற்றின் பின்னால் வைக்கக் கூடாது.

ஆனால் இதே வீட்டில் ஒரு பெரிய வசதியும் இருக்கிறது: வளவு. நடுவே திறந்த வெளி, சுற்றிலும் தூண், தூணுக்குப் பின்னால் அறைகள். ஃபைபர்காரர் முகப்பு அறையில் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். அங்கிருந்து ஒரு ஈத்தர்நெட் கேபிள் இழுத்து, வளவைப் பார்க்கும் இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல், இரண்டாவது ரூட்டரை வையுங்கள். கதவு திறந்திருக்கும் எல்லா அறைக்கும் அது கிட்டத்தட்ட நேர்ப்பார்வையில் இருக்கும். பிரிண்டரையும் வளவை ஒட்டிய அறையிலேயே வையுங்கள். இரண்டாங்கட்டு, அடுப்படிப் பக்கம் கொண்டுபோனால் புகையும் ஈரமும் வேறு.

கேபிளுக்காகச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, துளைக்கவும் கூடாது. அந்தப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே பளபளப்பில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கஷ்டம். கதவு நிலைக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் வழியாக, உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோகலாம். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், தெருவிலிருந்து தெரு வரை நீளும் வீட்டுக்கும் அது போதும். வெளியில் வெயில் படும் இடத்தில் கருப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக வாங்குங்கள்.

இரண்டாவது ரூட்டரை வைக்கும்போதுதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கேபிளை அதன் வான் (WAN, இன்டர்நெட் வரும் பக்கம்) போர்ட்டில் சொருகி அப்படியே விட்டுவிட்டால், அது தனக்குக் கீழே வேறொரு நெட்வொர்க்கை உருவாக்கிவிடும். இன்டர்நெட் வரும், வீடியோ ஓடும். பிரிண்டர் மட்டும் முகப்பில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி பங்கிடும் வேலை) அணைத்து, அதன் முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் (LAN, வீட்டுப் பக்கம்) போர்ட்டில் சொருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பிரிண்டரை நெட்வொர்க்கில் சேர்ப்பது

பெரும்பாலான வீட்டு பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். சேரவே மாட்டேன் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ரூட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா? பாதுகாப்பு டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருக்கிறதா? அப்படியானால் டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு நிலைக்கு மாற்றுங்கள். மூன்றாவது சானல்: இந்தியாவில் ரூட்டர் தானாக 12 அல்லது 13-க்குப் போகலாம்; அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவிகளுக்கு அது தெரியாமலே போகலாம். 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்திவிடுங்கள்.

சேர்ந்ததும் பிரிண்டரின் மெனுவிலிருந்து நெட்வொர்க் நிலைப் பக்கத்தை அச்சடித்துக்கொள்ளுங்கள். ஐபி முகவரியும் வன்பொருள் முகவரியும் (MAC என்று போட்டிருக்கும்) அதில் இருக்கும். பிறகு ரூட்டர் பக்கத்துக்குள் போய், டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் அந்த வன்பொருள் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். ரூட்டர் பக்கம் பல வீடுகளில் 192.168.1.1, ஜியோஃபைபர் என்றால் 192.168.29.1, அங்கே 192.168.29.50 என்று ஒதுக்க வேண்டும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் பிரிண்டர் வேறு முகவரி வாங்கும், விண்டோஸில் "ஆஃப்லைன்" என்று நிற்கும், யாராவது அதை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். கடைசியில் ஒரே பிரிண்டர் நான்கு பெயரில் லிஸ்டில் நிற்கும்.

ஆட்டோ ஆஃப் என்ற அமைப்பையும் "ஒருபோதும் வேண்டாம்" என்று மாற்றுங்கள். ஸ்லீப்பிலிருந்து பிரிண்டர் தானே விழிக்கும்; ஆட்டோ ஆஃப் ஆகிவிட்டால் யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டும்.

ஒவ்வொரு கருவியிலும்

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் பிரிண்டர். பெயர் தானாக வரும். கீழே "யூஸ்" என்ற இடத்தில் ஏர்பிரிண்ட் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் உலகப் படம் போட்ட தாவலில் ஐபியைக் கொடுத்து, ஐபிபியைத் தேர்ந்தெடுத்தால் போதும். உபுண்டுவில் பொதுவாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிரிண்ட் பெட்டியைத் திறந்தாலே நிற்கும். ஆண்ட்ராய்டில் உள்ளேயே இருக்கும் டிஃபால்ட் பிரிண்ட் சர்வீஸ் போதும், ஐபியைக் கையால் சேர்க்கவும் அதில் இடம் உண்டு.

விண்டோஸ்தான் கொஞ்சம் நேரம் எடுக்கும். தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்க விட்டால் பல நேரம் டபிள்யூஎஸ்டி என்ற போர்ட்டில் சேர்த்துவிடும். அன்றைக்கு அச்சாகும், பிரிண்டர் தூங்கி எழுந்த பிறகு "ஆஃப்லைன்" காட்டத் தொடங்கும். அதனால் ஆட் டிவைஸ் அழுத்திக் கொஞ்சம் காத்திருந்து, ஆட் மேனுவலி வந்ததும் அதைத் தேர்ந்தெடுத்து, ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் வாய்ப்பில் டிவைஸ் டைப் ஐபிபி டிவைஸ் என்று வைத்து 192.168.1.50 கொடுங்கள். பழைய பிரிண்டராக இருந்து ஐபிபி ஒத்துவராவிட்டால் டிசிபி ஐபி டிவைஸ். அது போர்ட் 9100-இல் போகும், அதற்குக் கம்பெனி டிரைவர் தேவை. அந்த வழியில் சேர்த்தும் பொய்யாக ஆஃப்லைன் காட்டினால், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், கான்ஃபிகர் போர்ட் உள்ளே எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஐபோனில் ஒரு கண்டிப்பு இருக்கிறது: சாதாரணமாக ஐபியைக் கையால் கொடுக்க வழியில்லை. பிரிண்டர் தன்னை அறிவிக்கும் எம்டிஎன்எஸ் செய்தி போனுக்கு வந்து சேர்ந்தே ஆக வேண்டும். அது 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, போர்ட் 5353-இல் போகும் செய்தி. லேப்டாப்பில் ஐபி வழியாக அச்சாகிறது, ஐபோனில் மட்டும் "பிரிண்டர் இல்லை" என்றால் இந்தச் செய்தியை ரூட்டர் நடுவில் தடுக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். வைஃபை கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும் ஏபி ஐசொலேஷனை அணைத்துப் பாருங்கள். பிறகு, இந்த மாதிரி பொதுச் செய்திகளை வடிகட்டும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை. போன் கெஸ்ட் வைஃபையில் இருந்தால் பிரிண்டர் தெரியவே தெரியாது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். கலியாணத்துக்கு வரும் எல்லோருக்கும் கெஸ்ட் பாஸ்வேர்டையே கொடுங்கள். அச்சடிக்க வேண்டிய வீட்டு ஆட்களுக்கு மட்டும் உள் நெட்வொர்க்.

ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் வீட்டு நெட்வொர்க்கே அதற்குத் தெரியாமல் போகலாம். விபிஎன்னைத் துண்டித்து, அச்சடித்து, மறுபடி இணைப்பதுதான் வழி. அதற்குள் புகுந்து மாற்ற முயலாதீர்கள். மேக்கில் 15-ஆம் பதிப்பிலிருந்து, ஐபோனில் 14-இலிருந்து, ஒவ்வொரு ஆப்பும் லோக்கல் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதி கேட்கும். பிரிண்டர் கம்பெனியின் ஆப்பில் ஸ்கேன் வராவிட்டால் அந்த அனுமதியைத் தேடுங்கள்.

பங்காளிகள் இரண்டு கனெக்‌ஷன் வைத்திருந்தால்

பொது வீடு, வளவின் இரு பக்கமும் தனித்தனிக் குடும்பம், ஆளுக்கொரு பிராட்பேண்ட்: இது நம் ஊரில் சகஜம். இரண்டு நெட்வொர்க்கையும் ஒரு கேபிளால் இணைத்துவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள்; இரண்டு டிஎச்சிபி ஒரே கூரையின் கீழ் மோதி, இரண்டு பக்கமும் இன்டர்நெட் தடுமாறும்.

சுத்தமான வழி ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். அதன் ஈத்தர்நெட் ஒரு ரூட்டரில், வைஃபை இன்னொரு ரூட்டரில். அதில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளும், பிரிண்டரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹியும் போட்டால், இரண்டு பக்கத்துக்கும் பிரிண்டர் தானாகத் தெரியும். ஒரு பக்கத்து டேட்டா மறுபக்கம் போகாது, ஏனென்றால் பை தானாக எதையும் கடத்திவிடுவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு ரூட்டரும் 192.168.1 என்றே இருக்கக் கூடாது. ஒன்றை 192.168.2 என்று மாற்றுங்கள்.

வைஃபை இல்லாத பழைய பிரிண்டர்

கேனன் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020: இந்த இரண்டும் நம் ஊர் வீடுகளிலும் கடைகளிலும் இன்னும் உழைக்கின்றன. யுஎஸ்பி மட்டும்தான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகி ஷேர் செய்வது பழைய வழக்கம். 2021-இல் விண்டோஸில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பிரிண்ட் ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு மைக்ரோசாஃப்ட் இறுக்கிய இறுக்கத்தில் அது தொல்லையாகிவிட்டது. 11பி, 709 என்று முடியும் பிழை எண்கள் அதிலிருந்து வருபவை. ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு, கேட்காதீர்கள். அப்படி அணைத்தாலும் போன்களுக்குப் பயன் இல்லை, அந்தக் கம்ப்யூட்டரும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

இங்கேயும் கப்ஸ்தான் தீர்வு. லினக்ஸ் போட்ட சிறு கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சொருகி, பிரவுசரில் அதன் ஐபியோடு :631 சேர்த்து அடித்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் வரும். இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்க, தொலை நிர்வாகத்தை முதலில் அனுமதித்திருக்க வேண்டும். அங்கே இரண்டு டிக் வேண்டும்: மொத்தமாக "இந்தக் கம்ப்யூட்டரின் பிரிண்டர்களைப் பகிர்" என்பது ஒன்று, அந்த பிரிண்டருக்குள் தனியாக "இதைப் பகிர்" என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் போட்டுவிட்டு ஏன் தெரியவில்லை என்று தேடுபவர்கள் அதிகம். பகிர்ந்ததும் ஐபோனுக்குக்கூட அது ஏர்பிரிண்ட் பிரிண்டராகவே தெரியும்.

எந்த பிரிண்டருக்கு எந்தக் கம்ப்யூட்டர் என்பதில் கவனம் வேண்டும். லேசர்ஜெட் 1020-க்கு உள்ளே நிரந்தர ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) கிடையாது. ஒவ்வொரு முறை கரண்ட் வந்து பிரிண்டர் விழிக்கும்போதும் கம்ப்யூட்டர் அதை அனுப்ப வேண்டும். எச்பியின் லினக்ஸ் மென்பொருளான எச்பிஎல்ஐபியும் அதன் ப்ளக்-இன்னும் சரியாக நிறுவியிருந்தால் யுஎஸ்பி இணைந்த நொடியில் அது தானாகப் போகும். ப்ளக்-இன் இல்லாவிட்டால் வேலை வரிசையில் நிற்கும், பிரிண்டர் அசையாது. ராஸ்ப்பெரி பையிலும் இது ஓடும். எல்பிபி 2900 கதை வேறு. அதற்குக் கேனன் கொடுத்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் சிப்புக்கு மட்டும்தான். ராஸ்ப்பெரி பை ஆர்ம் சிப்பில் ஓடுவதால் அங்கே ஏறாது. அந்த பிரிண்டருக்கு ஸ்க்ரீன் உடைந்து மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப்பே மேல். அதில் உபுண்டு போட்டு, மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்து, பிரிண்டருக்குக் கீழ்த் தட்டில் வைத்துவிடலாம். பேட்டரியில் உயிர் இருந்தால் சின்னக் கரண்ட் கட்டையும் தாண்டிவிடும்.

கரண்ட் பற்றியே ஒன்று. ரூட்டரும் பையும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை அதில் போடாதீர்கள். டோனரைத் தாளில் உருக்கும் பகுதி சூடேறும் நொடிகளில் பல நூறு வாட் இழுக்கும், சிறிய வீட்டு இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

அச்சாகிறது, ஆனால் தப்பாக

வெளிநாட்டு லேப்டாப்பிலிருந்து அனுப்பினால் பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அந்த லேப்டாப்பில் தாள் லெட்டர் அளவு, 216 க்கு 279 மில்லிமீட்டர். தட்டில் இருப்பது ஏ4, 210 க்கு 297. லெட்டர் தாளைப் போடு என்று பிரிண்டர் காத்திருக்கிறது, பின்னால் வரும் எல்லோருடைய வேலையும் அதோடு நிற்கிறது. லேப்டாப்பில் டிஃபால்ட் தாளை ஏ4 ஆக்குங்கள். பல எச்பி லேசர்களின் மெனுவில் ஏ4, லெட்டர் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுவிட்டால் விருந்தாளிகளின் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது தமிழ். சாமான் பட்டியலைப் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து வேர்டு ஃபைலாக அனுப்புவார்கள். அந்த எழுத்துரு இல்லாத மேக்கில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத்தான் வரும். பிரிண்டரை மாற்றி என்ன பயன்? அடித்த கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு உள்ளேயே சேர்ந்துவிடும், எங்கிருந்து அச்சடித்தாலும் ஒரே மாதிரி வரும். புதிதாக அடிப்பவர்கள் யூனிகோடிலேயே அடிக்கட்டும்.

ஒரு வேலை சிக்கி, நீக்கினாலும் போகாமல் விண்டோஸில் "டிலீட்டிங்" என்றே நின்றால் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் உள்ள ஃபைல்களை மட்டும் அழித்து, மறுபடி தொடங்குங்கள்.

ரூட்டரில் 631, 9100 போர்ட்டுகளை வெளி உலகுக்குத் திறந்து வைக்க வேண்டாம். ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) இருக்கும் இணைப்பில் அதன் ஃபயர்வாலும் இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரிண்டரை வெளியிலிருந்தே தொட முடியும். கப்ஸ் ஓடும் கம்ப்யூட்டருக்கு அப்டேட் தவறாமல் போகட்டும், 2024-இல் கப்ஸின் துணை மென்பொருளிலும் ஓட்டைகள் வெளியாயின.

வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது பிரிண்டரை அதன் பவர் பட்டனில் அணைத்துவிட்டு, பிரிண்டர், பை, ரூட்டர் மூன்றின் ப்ளக்கையும் பிடுங்கி, ரூட்டரிலிருந்து நீளும் ஈத்தர்நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடியில் வெளியே ஓடும் நீளக் கேபிள் வழியாகவும் மின்னலின் தாக்கம் உள்ளே வரும். தட்டில் மிச்சமிருக்கும் தாளை எடுத்து அதன் உறையிலேயே சுற்றி பீரோவில் வையுங்கள். மழை ஈரம் ஏறிய தாள் வளைந்து, அடுத்த முறை முதல் பக்கத்திலேயே சிக்கும்.